வெறும் கேமரா

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையைப் பார்த்தபடி இருந்த ஏஞ்சல் ஸ்டுடியோவுக்குள் ஒரு மலை இருந்தது. திரைச்சீலையில் வரைந்த மலை. உச்சியில் பனி, அடியில் ஏரி, ஏரியில் இரண்டு அன்னம், கரையில் ஒரு தென்னை மரம். பனிமலைக்குப் பக்கத்தில் தென்னை எப்படி வந்தது என்று ஞானாபரணம் கேட்டபோது, "அந்தப் பக்கம் வெறிச்சுனு இருந்துதுங்க, அதான் ஒண்ணு நட்டுப்போட்டேன்" என்றாராம் வரைந்தவர். பதினோரு வருடமாக அந்தத் தென்னையடியில் நின்றுதான் துடியலூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். நிச்சயமான பெண்கள், குவைத்துக்குப் போகிறவர்கள், முதல் பிறந்த நாள் குழந்தைகள் எல்லாரும் அங்கே சிரித்திருக்கிறார்கள்.

கடையை விட்டு வெளியே வந்தால் வடக்கே நிஜ மலை நீலமாக நின்றது. மழை வருமா என்று பார்க்க மட்டும் ஞானாபரணம் அந்தப் பக்கம் திரும்புவான். மழை வந்தால் கல்யாண வீட்டில் வெளிச்சம் போய்விடும்.

அவனுடைய அப்பா ஐயாசாமி தாராபுரத்துப் பக்கம் பண்ணையத்தில் கூலியாக இருந்தவர். தோட்டத்துக்காரர் வீட்டு வாசலுக்கு அப்பால் நின்று பேசியே வயதானவர். மகன் மிஷன் விடுதியில் படித்து, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு மணவறை வரைக்கும் போனான். "ஐயா, சித்தெ இக்கட்ட வாங்க. மோவாயக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்று அவன் சொன்னால் எப்பேர்ப்பட்ட ஆளும் கிட்டே வந்து தாழ்த்துவார். அந்த ஒரு நொடிக்காகவே அவன் இந்தத் தொழிலுக்கு வந்தான் என்று அவன் மனைவி அருள்செல்வி கேலி செய்வாள். அவன் மறுத்ததில்லை.

போன ஆவணிக் கடைசியில் ஈஸ்வரமூர்த்தி என்ற தோட்டத்துக்காரரின் மகளுக்குக் கல்யாணம். இணைச்சீர்ச் சடங்கு முடிந்து தாலி கட்டுகிற நேரம் நெருங்கியது. ஞானாபரணம் அவசரமாக ரோல் மாற்றினான். பிலிமின் நுனி பல்லில் சரியாக மாட்டவில்லை. லீவரை இழுக்க இழுக்கப் படம் எண்ணுகிற முள் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. உள்ளே பிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஏறும். பார்க்க வேண்டியது கேமராவின் இடது பக்கத் தலையில் இருக்கிற சின்னக் குமிழை. பிலிம் நகர்ந்தால் குமிழ் சுற்றும். அன்றைக்கு அது சுற்றவில்லை. அவன் பார்க்கவும் இல்லை. கலர் லேபிலிருந்து அந்த ரோல் ஆரஞ்சுக் கண்ணாடி போல ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. தாலி கட்டிய படம் இல்லை. அட்சதை போட்ட படம் இல்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சேக்காளிகள் பத்துப் பேர் வந்து "எங்கள ஒண்ணு, எங்கள ஒண்ணு" என்று நச்சரிப்பார்கள். எல்லாருக்கும் பிலிம் போட்டால் கட்டாது. பிளாஷை மட்டும் பளிச்சென்று அடித்து அனுப்பிவிடுவது போட்டோக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். அதற்கு வெறும் பிளாஷ் என்று பெயர். ஞானாபரணமும் அடித்திருக்கிறான். அதனால்தான் ஈஸ்வரமூர்த்தி கடைவாசலில் நின்று, "என்ற புள்ளைக்குத் தாலி கட்டறப்ப வெறும் பிளாஷ் அடிச்சிருக்கறானப்பா! இவனுகள மணவறைக்கிட்ட உட்டது நம்ம தப்பு" என்று சத்தம் போட்டபோது அவன் மறுக்காமல் ஷட்டரை இறக்கினான்.

அன்று கேமராவைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தவன்தான். அதன்பின் ஏழு மாதம் கிரைண்டர் கம்பெனியில் கல் தூக்கப் போனான். சாயங்காலம் கருங்கல் தூசு அப்பிய கண் இமையோடு வருவான், குளிப்பான், சாப்பிடுவான். கையில் எதையாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வான். கடையை அருள்செல்வி பாதி ஷட்டர் திறந்து வைத்துக்கொண்டு பழைய நெகடிவில் பிரதி போட்டுத் தருவதும், லேமினேஷன் செய்வதுமாக ஓட்டினாள். புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களிடம், "அவருக்குக் கை சொகமில்லீங்க" என்றாள். ஒரு கணக்கில் அது உண்மைதான்.

*

மெர்சி அருள்செல்வியின் தங்கை. அப்பா அம்மா இல்லாததால் இவர்களோடு இருந்துகொண்டு மில்லுக்குப் போய்வந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ஜெப்ரி, கோத்தகிரியில் தேயிலை பாக்டரியில் வேலை. மே மாதக் கடைசியில் துடியலூர் வேதக் கோயிலில் கல்யாணம். பத்திரிகை அச்சடித்து வந்த அன்று மெர்சி அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங் மாமா, போட்டோவுக்கு ஆரச் சொல்லியிருக்கீங்க?"

"உக்கடத்துல ஒரு நல்ல ஆளு இருக்காரு. பேசி உடறேன்."

"நல்ல ஆளுகள நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு எங்க மாமா எடுக்கோணும்."

"மெர்சி, சொன்னாக் கேளு."

"கேக்கமாட்டேன். நீங்க எடுக்காட்டி எனக்குப் போட்டோவே வேண்டாம். ஒண்ணு வேண்டாம். நாளைக்கு என்ற புள்ளைக கேட்டா, உங்க பெரியப்பன் கிரைண்டர் கல்லுத் தூக்கப் போயிட்டாரு கண்ணுகளான்னு சொல்லிக்கறேன்."

"புள்ளைக்கு இப்பவே பதில் தயார் பண்ணிப்போட்டயா?" என்றாள் அருள்செல்வி.

"பின்னே? மாமாவ நம்பி இருந்தா இப்பிடித்தான் எல்லாம் நாமளே தயார் பண்ணிக்கோணும்."

ஞானாபரணம் சிரிக்கவில்லை. தட்டில் கையைக் கழுவிக்கொண்டு, "அதுலயும் பிலிம் மாட்டாமப் போச்சுன்னா?" என்று மட்டும் கேட்டான். மெர்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் அருள்செல்வி உக்கடத்துக்குப் போனாள். அங்கே கலர் லேபில் கவுன்டரில் இருந்தவள் சாயிரா பானு. பத்து வருடப் பழக்கம். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த கேமராவை அருள்செல்வி பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு இதுல ரோல் மாட்டக் கத்துக்குடு, சாயிரா."

"பதினொரு வருசமா போட்டோக்காரரோட குடும்பம் நடத்தறே. இதுகூடத் தெரியாதா அக்கா?"

"அவரு தொட உட்டாத்தான? சட்டியும் பானையும் கழுவ உட்டாரு."

சாயிரா ஒரு வீணான பிலிமை எடுத்தாள். "நுனிய இந்தப் பிளவுல சொருகு. ஓட்டை ரெண்டும் பல்லுல உக்காந்துச்சானு பாரு. அவசரப்படாதே. மூடு. இப்ப இழு. இழுக்கறப்ப இந்தக் குமிழைப் பாரு. சுத்துச்சுன்னா உள்ள புள்ள நடக்குது. சுத்தலைன்னா புள்ள தூங்குது."

முதல் தடவை பிள்ளை தூங்கியது. ஐந்தாவது தடவை நடந்தது. "அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்று சாயிரா கேட்டாள்.

"தெரியாமத்தான் மாட்டறேன். இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அவரு கை நடுங்குது."

புது ரோல் இரண்டு வாங்கினாள். ஒன்றை அங்கேயே மாட்டினாள், குமிழ் சுற்றுவதை மூன்று முறை பார்த்தாள். இன்னொன்றைப் பையின் அடியில் போட்டாள்.

*

ஜெப்ரியை வளர்த்தது அவனுடைய அத்தை பங்காரம்மா. கோத்தகிரிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். முதல் பத்திரிகை அவளுக்குத்தான் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருக்கும், வேண்டாம் என்று ஒரு திங்கட்கிழமை கிரைண்டர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஞானாபரணம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். அருள்செல்வி கேமராவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"பொண்ணோட மாமா போட்டோக்காரர்னு சொல்லித்தான சம்மந்தம் பேசுனோம். வெறுங் கழுத்தோட போய் நின்னா அந்த அம்மா என்ன நெனைக்கும்?"

"எடுக்கச் சொன்னா?"

"சும்மா மாட்டிக்குங்க. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் கேமரா. வேண்ணாத் தெறந்து பாத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் திறந்துவிட்டால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். அவன் பின்மூடியைத் தடவினான். பிறகு திறக்காமல் வாரைத் தலைவழியே போட்டுக்கொண்டான். பிடரியில் அது விழுந்த இடத்தை ஒரு முறை தேய்த்தான்.

மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸுக்குள் அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது. பாக்குத் தோப்புகளைத் தாண்டிப் பாலம் கடந்து மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் வழியாக வேறு ஒரு காற்று வந்தது. பின் சீட்டில் ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி மலையில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தோணும், எறங்கி நிக்கறவங்க நில்லுங்க" என்றார்.

ஞானாபரணம் இறங்கினான். சாலையின் குட்டைச் சுவருக்கு அப்பால் பள்ளம் விழுந்து, அதற்கு அப்பால் ஒரு மலை, அதன் தோளுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் சாயம் போன இன்னொன்று. நடுவில் வெள்ளையாக மேகம் படுத்திருந்தது. அவன் கை தானாகக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனது. பார்த்துக்கொண்டே நின்றான். விரல் பொத்தான்மேல் இருந்தது, அமுக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்ததும் இறக்கிவிட்டான். சீட்டில் வந்து உட்கார்ந்ததும், "தென்ன மரம் ஒண்ணையும் காணோம்" என்றான்.

அருள்செல்விக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

*

பங்காரம்மா எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இல்லை. "மேல்காட்டுல கொழுந்து எடுக்குதுங்க. இந்தத் தடத்துலயே போங்க, சத்தம் கேக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் நடந்தார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடித் தடம். அங்கங்கே சில்வர் ஓக் மரங்கள். காலையில் தூறல் விழுந்திருந்ததால் மண் செருப்பில் ஒட்டியது. ஒரு வளைவில் ஊதாப் பூ மரம் ஒன்று இலையே இல்லாமல் பூத்து, கீழேயும் அதே நிறத்தில் உதிர்ந்து கிடந்தது.

அருள்செல்வி முன்னால் போனாள். பின்னால் க்ளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. ஏழு மாதமாகக் கேட்காத சத்தம். லீவர் இழுபடுகிற கரகரப்பும் கேட்டது. ஒன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பத்தடி நடப்பதற்குள் இரண்டு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று, நான்கு, ஐந்து.

"அருளு, நில்லு. இங்க வா" என்றான் பின்னாலிருந்து.

அவன் தேயிலைப் பாத்திக்குள் ஒரு பாறைமேல் ஏறி நின்றிருந்தான். வெள்ளைச் சட்டையில் பச்சைக் கறை.

"அந்த மரத்தப் பாத்தயா? இப்ப இருந்துது. மேகம் வந்து முழுங்கிப்போடுச்சு."

"போச்சுங்களா?"

"போச்சு. போனாப் போகுது. அந்தால பாரு, இன்னொண்ணு வெளிய வருது."

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நின்றான். போனால் போகிறது என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து எவ்வளவு நாளாகிறது! தாலி ஒரு தடவைதான் கட்டுகிறார்கள். அதைத் தவறவிட்டவனை ஊர் விடாது. இங்கே மேகம் யாருக்கும் காத்திருக்கவில்லை, தவறவிட்டாயே என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை. மலையிடம் மோவாயைத் தாழ்த்து என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் அது கேட்காது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

"எடுக்கறாப்பலயே இருக்குது" என்றான் கூச்சத்தோடு. "பிலிம் இல்லாதது கைக்குத் தெரியமாட்டேங்குது."

"தெரியாட்டிப் போகுது. அமுக்குங்க."

தடத்தின் முடிவில் மலை சட்டென்று அறுந்து கீழே சமவெளி தெரிந்தது. பவானி ஆறு பழைய நூல் மாதிரி கிடந்தது. தெற்கே வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"நம்மூரு எந்தால?" என்றாள்.

"அங்க எங்கியோதான்."

"ஈஸ்வரமூர்த்தி தோட்டம் தெரியுதுங்களா?"

அவன் கேமராவைக் கண்ணில் வைத்து வளையத்தைத் திருகித் திருகித் தேடினான். "கடுகளவுகூடக் காணோம்" என்றான். "அவருகிட்டச் சொல்லோணும். ஐயா, உங்க ஆயிரம் தென்னையும் பிரேமுக்குள்ளயே வரமாட்டேங்குதுங்க, சித்தெ இக்கட்ட வாங்கன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். கேமரா மார்பில் மோதி மோதி ஆடியது. அருள்செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால்தான் என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள். அதற்குள் எண்ணிக்கை இருபத்திரண்டு ஆகியிருந்தது.

*

பங்காரம்மாவைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, முதுகில் கூடையோடு, பேசிக்கொண்டே கிள்ளிக்கொண்டிருந்தாள். கை பேச்சைக் கேட்கவில்லை, அது பாட்டுக்குக் கொழுந்தைத் தேடி எடுத்தது. சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். எல்லாரும் ஒரு மேட்டில் உட்கார்ந்தார்கள். அருள்செல்வி தட்டில் பழத்தோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தாள்.

"ஸ்தோத்திரமுங்க. மே மாசம் இருபத்தொம்பது. நீங்க முந்துன நாளே வந்தரோணும்."

"வாராம? எம் பையன நாந்தான கொண்டாந்து நிறுத்தோணும்?" பங்காரம்மா பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு முந்தானையில் பத்திரப்படுத்தினாள். பிறகு கட்டுச்சோறு பிரித்தார்கள். புளிச்சாதம், உருளைக்கிழங்கு, வழிக்கென்று சுட்ட இனிப்புக் கச்சாயம். பங்காரம்மா தூக்குப்போசியிலிருந்து பாலில்லாமல் வெல்லம் போட்ட வரட்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏஞ் சாமி, நீங்கதான போட்டோக்கார மாமன்? ஜெப்ரி சொல்லீருக்கான். என்னையும் ஒண்ணு புடிங்களே. இந்தக் கூடையோட."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். "கெழவிக்கு ஆசையப் பாரு!"

"உனக்கென்னடி? முப்பது வருசமா இந்த மலைல நிக்கறேன். இந்த மலைக்கே எத்தன போட்டோ எடுத்துட்டாங்க. எனக்கு ஒண்ணு இல்ல."

ஞானாபரணம் கேமராவைத் தூக்கினான். பொத்தானில் விரல் வைத்தான். அப்புறம் இறக்கிவிட்டான். ஒரு தடவை அமுக்கிவிட்டால் அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள். எத்தனையோ கல்யாணத்தில் செய்ததுதான். அவன் முகம் சிவந்தது.

"அம்மா, பொய் சொல்லக் கூடாதுங்க. இதுல பிலிம் இல்லீங்க. நான் எடுத்தாலும் படம் வராது. வெறும் கேமரா."

அருள்செல்வி கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

பங்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "நெசத்தச் சொன்னீங்களே, அது போதும்" என்றாள். "இல்லாட்டி என்ன சாமி? எடுங்க. நீங்க கண்ண வெச்சுப் பாப்பீங்கள்ல? என்னைய ஒருத்தர் அத்தன நேரம் பாத்தாங்கன்னு இருக்கட்டும்."

கூடையைச் சரி செய்துகொண்டு மேட்டின்மேல் போய் நின்றாள். பின்னால் மேகம் விலகி மலை முழுசாக நின்றது. அவள் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தாழ்த்தச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து வளையத்தைத் திருகினான். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினான். வெறும் கேமராவுக்கு இவ்வளவு எதற்கு என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. க்ளக்.

வழக்கம்போல் கட்டைவிரல் லீவரை இழுத்தது.

"அதென்னுங்க சாமி," என்றாள் பங்காரம்மா கை நீட்டி, "அந்தப் பக்கம் ஒரு குமிழி தானாச் சுத்துது?"

அவன் குனிந்து பார்த்தான். குமிழ் நின்றுவிட்டிருந்தது. அவன் எழுந்து, யாரையும் பார்க்காமல், மேட்டின் ஓரத்துக்குப் போனான். மலையைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினான். விரல் லேசாக நடுங்குவது அருள்செல்விக்கு இங்கிருந்தே தெரிந்தது. இப்போது திறந்து பார்த்துவிடுவானா, கழற்றி என் கையில் கொடுத்துவிடுவானா என்று நினைத்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்றும் நினைத்தாள்.

க்ளக். இந்தத் தடவை அவன் கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குமிழைப் பார்த்தபடி லீவரை மெதுவாக இழுத்தான். குமிழ் மெதுவாகச் சுற்றியது.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேமராவை மறுபடி கண்ணுக்குக் கொண்டுபோனான்.

அதன் பிறகு அவன் அவசரப்படவில்லை. கூடையில் பாதி நிறைந்த கொழுந்தை எடுத்தான். வரட்டீயின் ஆவி மேகத்தோடு சேருகிற மாதிரி எடுத்தான். கேலி செய்த பெண்களை வரிசையாக நிறுத்தாமல் அவர்கள் சாப்பிடுகிறபடியே எடுத்தான். மேகம் மூடினால் காத்திருந்தான், திறந்தால் எடுத்தான். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. அருள்செல்விக்கு எண்ணிக்கை தப்பவில்லை.

முப்பத்தாறுக்குப் பிறகு லீவர் பாதியில் நின்றுவிட்டது. அவன் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். நகரவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்து அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏம் புள்ள," என்றான், "இன்னொரு ரோல் எங்க?"

"எந்த ரோலுங்க?"

"நீ ஒண்ணோட கெளம்பற ஆளா?"

அருள்செல்வி பைக்குள் கைவிட்டாள். பத்திரிகைக் கட்டு, தண்ணீர் பாட்டில், சோற்றுப் பாத்திரத்தின் மூடி எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. எடுத்த பிலிமைச் சுற்றி முடித்து, பின்மூடியைத் திறந்து, கேமராவை அவள் மடியில் வைத்தான்.

"நீயே மாட்டு. என்னைவிட நல்லா மாட்டறே."

பெண்கள் எல்லாரும் சுற்றி வந்து குனிந்தார்கள். "வெளிச்சத்த மறைங்க, அப்பிடித்தான்" என்றான் ஞானாபரணம். அவர்களுடைய நிழலுக்குள் அருள்செல்வி நுனியைச் சொருகினாள். ஓட்டைகள் பல்லில் உட்கார்ந்தன. மூடினாள்.

"மெர்சி கல்யாணத்துக்கு ஆறு ரோல் வேணும்" என்றான் அவன், ஏதோ உப்பு வாங்கச் சொல்கிற மாதிரி. "நீ மாட்டிக் குடு, நான் எடுக்கறேன். தாலி கட்டறப்ப ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

அவள் அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டே லீவரை இழுத்தாள். கூடையோடு குனிந்திருந்த பங்காரம்மாதான் முதலில் கேட்டாள்.

"சுத்துதா?"

"சுத்துதுங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.